கிறிஸ்தவச் சீடத்துவம்: நம்பிக்கை வாழ்க்கையாகும் விதம்

கிறிஸ்தவச் சீடத்துவம் என்பது இயேசு கிறிஸ்துவிடம் கற்று, அவர் நடந்த வழியில் நடப்பது. ஞாயிறுதோறும் ஆலயத்துக்குப் போவதும், ஞானஸ்நானம் பெறுவதும், விசுவாசப் பிரமாணத்தைச் சொல்வதும் இதற்குள் அடங்கும். ஆனால் சீடத்துவம் அவற்றோடு முடிந்துவிடுவதில்லை. சம்பாதிப்பதிலும் செலவழிப்பதிலும், பகைவரை நடத்தும் விதத்திலும், யாரோடு ஒரே பந்தியில் உட்காருகிறோம் என்பதிலும் அது தொடர்கிறது. பாதிரியார்கள், ஆயர்கள், கன்னியர்கள் போன்ற சிலருக்கு மட்டும் உரிய உயர்ந்த நிலையாகப் புதிய ஏற்பாடு இதைக் காட்டவில்லை. இயேசுவை நம்புகிற ஒவ்வொருவரும் வாழவேண்டிய சாதாரண வாழ்க்கையாகவே காட்டுகிறது.

அழைப்பில் தொடங்கியது

முதல் நூற்றாண்டு யூத சமுதாயத்தில் குருவும் சீடரும் புதியவர்கள் அல்லர். வேதத்தில் தேர்ந்த ஒரு போதகரைச் சுற்றி மாணவர்கள் கூடுவார்கள். அவரோடு தங்கி, அவர் பேச்சைக் கேட்டு, அவர் உண்பதையும் ஜெபிப்பதையும் பக்கத்திலிருந்து பார்த்துக் கற்பார்கள். வழக்கமாக மாணவன்தான் தனக்கேற்ற போதகரைத் தேடிப் போவான். நற்செய்தி நூல்களில் இந்த வரிசை மாறுகிறது. இயேசுவே போய் ஆட்களை அழைக்கிறார்.

கலிலேயாக் கடற்கரையில் பேதுருவும் அந்திரேயாவும் வலை வீசிக்கொண்டிருந்தார்கள். சற்றுத் தள்ளி யாக்கோபும் யோவானும் தங்கள் தகப்பனோடு படகில் உட்கார்ந்து வலையைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர்களை இயேசு அழைத்தது வேலை நேரத்தில், வேலை நடந்த இடத்தில். கப்பர்நகூமில் சுங்கச் சாவடியில் உட்கார்ந்திருந்த லேவியையும் அப்படியே அழைத்தார். ரோம ஆட்சியின் நிழலில் வரி வசூலித்தவர்களைச் சொந்த மக்களே வெறுத்தார்கள். மீனவர்களும் வரி வசூலிப்பவரும் ஒரே குழுவில் சேர்ந்ததே அன்று பலருக்கு வியப்பு. படிப்போ நற்பெயரோ அழைப்புக்கு முன்நிபந்தனையாகக் கேட்கப்படவில்லை.

பன்னிருவர் மட்டுமே சீடர்கள் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது சரியல்ல. லூக்கா நற்செய்தியின் 8ஆம் அதிகாரம், ஊர் ஊராக இயேசுவோடு சென்ற பெண்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. மகதலேனா மரியாள், ஏரோதின் அதிகாரி ஒருவரின் மனைவியான யோவன்னாள், சூசன்னாள் ஆகியோர் தங்கள் உடைமைகளைக் கொண்டு அந்தக் குழுவைத் தாங்கினார்கள். பெத்தானியா ஊரின் மரியாள், அக்காலத்தில் ஆண் மாணவர்களுக்கே உரியதாக இருந்த இடத்தில், போதகரின் காலடியில் அமர்ந்து கேட்டாள். இயேசு அதை ஆதரித்துப் பேசினார். சிலுவையின் அருகே கடைசிவரை நின்றவர்களிலும், கல்லறை காலியாக இருந்ததை முதலில் கண்டவர்களிலும் பெண்களே முன்னால் இருந்தார்கள்.

எல்லோரையும் ஒரே அச்சில் வார்க்கவும் இயேசு முயலவில்லை. பணக்கார இளைஞன் ஒருவனிடம் உள்ளதையெல்லாம் விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு வரச் சொன்னார். அவன் துக்கத்தோடு திரும்பிப் போனான். எரிகோவின் வரி வசூலிப்போர் தலைவரான சகேயு தன் சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் தானாகவே முன்வந்தார். அவர் வீட்டுக்கு மீட்பு வந்ததாக இயேசு அறிவித்தார். பேய் பிடித்திருந்து குணமான ஒருவர் தன்னையும் உடன் அழைத்துப் போகும்படி கெஞ்சியபோது, வீட்டுக்குப் போய்ச் சொந்த மக்களிடம் நடந்ததைச் சொல் என்று அனுப்பிவைத்தார். ஒருவருக்கு வீட்டை விட்டு வருவது சீடத்துவமானது, இன்னொருவருக்கு வீட்டுக்குத் திரும்பிப் போவது சீடத்துவமானது. கேட்கப்பட்டது ஆளுக்கு ஆள் வேறுபட்டாலும், தம்மை நம்பி முழு மனதோடு வரவேண்டும் என்பது எல்லோருக்கும் பொதுவாக இருந்தது.

எதைக் கற்றார்கள்

மத்தேயு நற்செய்தியின் 5 முதல் 7 வரையிலான அதிகாரங்களில் உள்ள மலைப்பொழிவு, இந்தக் கல்வியின் பாடத்திட்டம் போன்றது. கொலை செய்யாதிருப்பதோடு நின்றுவிடாமல் கோபத்தை ஆளவேண்டும். விபசாரத்தைத் தவிர்ப்பதோடு பார்வையும் சுத்தமாக இருக்கவேண்டும். ஆணையிடத் தேவையில்லாத அளவுக்குப் பேச்சு உண்மையாக இருக்கவேண்டும். பழிக்குப் பழி கூடாது. பகைவருக்காகவும் ஜெபிக்கவேண்டும். தர்மம், ஜெபம், உபவாசம் மூன்றும் மனிதர் பார்வைக்காக அல்லாமல் கடவுளுக்காக இருக்கவேண்டும். நாளையைப் பற்றிய கவலைக்கு அடிமையாகக் கூடாது. இவற்றைக் கேட்டுவிட்டுச் செய்யாமல் இருப்பவனை மணல்மேல் வீடு கட்டியவனோடு ஒப்பிட்டு அந்தப் பொழிவு முடிகிறது. கேட்பதும் செய்வதும் பிரிக்க முடியாதவை என்பதே அதன் கடைசிப் பாடம்.

சொல்லால் மட்டும் அவர் கற்பிக்கவில்லை. ஜெபிக்கக் கற்றுத்தரும்படி சீடர்கள் கேட்டது, அவர் ஜெபித்துக்கொண்டிருந்ததைப் பார்த்த பிறகுதான். கைது செய்யப்பட்ட இரவில், பந்தியிலிருந்து எழுந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அவர்களுடைய கால்களைக் கழுவினார். அது வீட்டு வேலைக்காரர்கள் செய்யும் வேலை. பேதுரு கூசிப்போய் மறுத்தார். கழுவாவிட்டால் தம்மோடு அவருக்குப் பங்கில்லை என்று இயேசு சொன்னதும் இணங்கினார். தாம் செய்ததுபோல அவர்களும் ஒருவர் காலை ஒருவர் கழுவவேண்டும் என்றார் இயேசு. இன்றும் பெரிய வியாழன் வழிபாட்டில் பாதம் கழுவும் சடங்கு பல சபைகளில் நடக்கிறது. அதிகாரத்தில் இருப்பவர் பணிவிடை செய்யவேண்டும் என்ற பாடத்தை ஆண்டுக்கொருமுறை கண்முன் நிறுத்துவதே அதன் நோக்கம்.

விலை

சீடனாக வர விரும்புகிறவன் முன்கூட்டியே கணக்குப் பார்க்கவேண்டும் என்று லூக்கா 14ஆம் அதிகாரத்தில் இயேசு எச்சரிக்கிறார். கோபுரம் கட்டத் தொடங்குகிறவன் முடிக்கப் பணம் இருக்கிறதா என்று உட்கார்ந்து பார்ப்பதுபோல, தம்மைப் பின்பற்ற விரும்புகிறவனும் யோசிக்கவேண்டும் என்கிறார். குடும்பப் பாசமும், உடைமையும், உயிரும்கூட இரண்டாம் இடத்துக்குப் போகலாம். சிலுவையைச் சுமந்துகொண்டு வரவேண்டும் என்ற அழைப்பை இன்றைய வாசகர் ஒரு பொதுவான கஷ்டமாகப் புரிந்துகொள்ளக்கூடும். ரோம ஆட்சியில் வாழ்ந்தவர்களுக்குச் சிலுவை கண்ணெதிரே நிற்கும் மரண தண்டனைக் கருவி. அதைச் சுமந்து போகிறவன் திரும்பி வரமாட்டான் என்று அவர்களுக்குத் தெரியும்.

அதே சமயம், சீடனாவதற்காக யாரும் தகுதியைச் சம்பாதிக்க வேண்டியதில்லை என்பதும் நற்செய்தியின் மையச் செய்தி. மன்னிப்பு கிருபையாக, இலவசமாகக் கிடைக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் பிடிப்பதுதான் கிறிஸ்தவ வரலாறு முழுவதும் கடினமாக இருந்திருக்கிறது. கிருபையை மட்டும் பிடித்துக்கொண்டால் வாழ்க்கை மாறாத வெறும் மதம் மிஞ்சும். கீழ்ப்படிதலை மட்டும் பிடித்துக்கொண்டால் பெருமையோ குற்ற உணர்வோ மிஞ்சும். கீழ்ப்படிதல் மன்னிப்புக்குக் கொடுக்கும் கூலி அல்ல. மன்னிக்கப்பட்டவனிடம் அது நன்றியிலிருந்து பிறக்கிறது.

விழுந்தவரை எழுப்புவது

சீடர்கள் தவறே செய்யாதவர்களாக நற்செய்தி நூல்களில் வருவதில்லை. யார் பெரியவன் என்று சண்டை போடுகிறார்கள். குழந்தைகளை விரட்டுகிறார்கள். கெத்செமனே தோட்டத்தில் ஜெபிக்கச் சொன்னபோது தூங்குகிறார்கள். கைது நேரத்தில் ஓடிவிடுகிறார்கள். அவர்களில் மிக விரிவாகச் சொல்லப்படுவது பேதுருவின் வீழ்ச்சி.

யோவான் நற்செய்தி அந்த இரவை நுட்பமாக வரைகிறது. குளிருக்காக வேலைக்காரர்களும் காவலர்களும் கரியால் நெருப்பு மூட்டி நின்று குளிர்காய்ந்தார்கள். பேதுருவும் அவர்களோடு நின்றார். வாயில் காத்த ஒரு வேலைக்காரப் பெண் கேட்டதிலிருந்து தொடங்கி, மூன்று முறை அவரிடம் கேள்வி வந்தது. மூன்று முறையும் தான் இயேசுவின் சீடன் அல்ல என்று மறுத்தார். உயிரைக் கொடுப்பேன் என்று சில மணி நேரத்துக்கு முன் சொன்னவர் அவர்.

அதே நூலின் 21ஆம் அதிகாரத்தில், உயிர்த்தெழுந்த இயேசு திபேரியாக் கடற்கரையில் கரி நெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்துச் சீடர்களைச் சாப்பிட அழைக்கிறார். சாப்பிட்டு முடிந்தபின் பேதுருவிடம், தன்மேல் அன்பு இருக்கிறதா என்று மூன்று முறை கேட்கிறார். ஒவ்வொரு பதிலுக்கும் பிறகு தம் ஆடுகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைத் தருகிறார். மறுதலிப்பு மறைக்கப்படவும் இல்லை, அதைச் சொல்லிக்காட்டி அவமானப்படுத்தவும் இல்லை. கடைசியில், முதல் நாளில் சொன்ன அதே அழைப்பு மீண்டும் வருகிறது. அப்போதும் பேதுரு, பக்கத்தில் வந்த இன்னொரு சீடரைக் காட்டி அவர் கதி என்ன என்று கேட்கிறார். அது உன் வேலை அல்ல, நீ என்னைப் பின்பற்று என்பதே பதிலாகிறது. பிறரோடு ஒப்பிட்டுப் பார்ப்பது சீடனுக்கு உதவாது என்பதை நற்செய்தி இப்படிச் சொல்கிறது.

அதன் பிறகும் பேதுருவின் படிப்பு முடியவில்லை. யூதர் அல்லாத கொர்நேலியுவின் வீட்டுக்குப் போய், கடவுள் ஆள் பார்த்து நடத்துகிறவர் அல்ல என்று கற்றுக்கொண்டார். பின்னர் அந்தியோகியாவில், யாரோ என்ன சொல்வார்களோ என்ற பயத்தில், யூதர் அல்லாதவர்களோடு சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். எல்லோர் முன்னிலையிலும் அப்போஸ்தலர் பவுல் அவரைக் கண்டித்ததைக் கலாத்தியர் நிருபம் பதிவு செய்திருக்கிறது. மூத்த அப்போஸ்தலரும் திருத்தப்பட்டார் என்ற செய்தி, சீடத்துவம் வாழ்நாள் முழுவதும் நீளும் கல்வி என்பதற்கு வலுவான சான்று.

தொடக்ககாலச் சபையின் பயிற்சி

அப்போஸ்தலர் நடபடிகள் நூல் முதல் விசுவாசிகளின் வாழ்க்கையை நான்கு பழக்கங்களாகச் சுருக்குகிறது: அப்போஸ்தலரின் உபதேசம், ஐக்கியம், அப்பம் பிட்குதல், ஜெபம். தேவையில் இருந்தவர்களுக்காகச் சொத்தை விற்றுக் கொடுத்தவர்களும் இருந்தார்கள். சீடர்களுக்குக் கிறிஸ்தவர்கள் என்ற பெயர் முதன்முதலில் வழங்கியது அந்தியோகியாவில். அந்தப் பெயரே பிறகு நிலைத்தது.

திருமுழுக்குக்கு, அதாவது ஞானஸ்நானத்துக்கு, முன் நீண்ட பயிற்சி கொடுக்கும் முறையும் வளர்ந்தது. மூன்றாம் நூற்றாண்டு ரோமைச் சேர்ந்ததாகக் கருதப்படும் அப்போஸ்தலிக்கப் பாரம்பரியம் என்ற நூல், ஆயத்தக்காரர்கள் மூன்று ஆண்டுகள் கற்கவேண்டும் என்கிறது. அவர்கள் செய்யும் தொழில் விசாரிக்கப்பட்டது. மனிதரைக் கொல்லும் களியாட்டங்களில் சண்டையிடுகிறவர் அதை விடவேண்டும். ஞானஸ்நானம் நெருங்கும்போது கேட்கப்பட்ட கேள்விகள் கவனிக்கத்தக்கவை. விதவைகளை மதித்தார்களா, நோயாளிகளைப் போய்ப் பார்த்தார்களா, நற்செயல்களில் ஈடுபட்டார்களா என்று விசாரித்தார்கள். ஒருவர் எவ்வளவு கற்றிருக்கிறார் என்பதோடு, கற்றது வாழ்க்கையில் தெரிகிறதா என்பதும் தேர்வாக இருந்தது.

காலந்தோறும் மாறிய வடிவங்கள்

நான்காம் நூற்றாண்டில் ரோமப் பேரரசு கிறிஸ்தவத்தை ஏற்றபின், கிறிஸ்தவராக இருப்பதில் ஆபத்து குறைந்தது, வசதி கூடியது. முழுமையான சீடத்துவத்தைத் தேடியவர்கள் பாலைவனத்துக்குப் போனார்கள். அவர்களுக்கு முன்னோடியாக இருந்தவர் எகிப்தியரான அந்தோனியார். பணக்கார இளைஞனுக்கு இயேசு சொன்ன பதில் ஆலயத்தில் வாசிக்கப்பட்டதைக் கேட்டு, கி.பி. 270 வாக்கில் தன் நிலங்களைக் கொடுத்துவிட்டுத் தவ வாழ்வு தொடங்கினார். ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் பெனடிக்ட் எழுதிய ஒழுங்குமுறை, ஜெபத்தையும் உடல் உழைப்பையும் ஒரே நாளின் இரண்டு பகுதிகளாக்கியது. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், துணி வணிகரின் மகனான அசிசியின் பிரான்சிஸ் தந்தையின் செல்வத்தைத் துறந்து ஏழ்மையைத் தழுவினார்.

இந்தத் துறவியர் சபைக்குப் பெரும் செல்வமாக இருந்தார்கள். ஆனால் ஒரு பக்கவிளைவும் ஏற்பட்டது. சீடத்துவம் துறவிகளுக்கு, வெறும் விசுவாசம் மற்றவர்களுக்கு என்ற இரண்டு தட்டு எண்ணம் வேரூன்றியது. மார்ட்டின் லூதர் அதை எதிர்த்தார். 1522இல் திருமண வாழ்வைப் பற்றி எழுதியபோது, குழந்தையின் அழுக்குத் துணியை விசுவாசத்தோடு துவைக்கும் தகப்பனின் வேலையும் கடவுளுக்கு உகந்ததே என்று வாதிட்டார். வீடும் தொழிலும் சீடத்துவம் நடக்கும் இடங்களாக மீண்டும் மதிப்புப் பெற்றன.

18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜான் வெஸ்லி இன்னொரு வழியைக் கண்டார். 1742இல் பிரிஸ்டல் நகரில், கூட்ட அரங்குக்கான கடனைத் தீர்க்க விசுவாசிகளைப் பன்னிரண்டு பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தலைவர். அவர் வாரந்தோறும் உறுப்பினர்களைச் சந்தித்து ஆளுக்கு ஒரு பென்னி வாங்கவேண்டும். பணம் வாங்கப் போன தலைவர்கள், சில வீடுகளில் குடிப்பழக்கமும் சண்டையும் இருப்பதைப் பார்த்தார்கள். கடன் தீர்க்கும் ஏற்பாடு, ஒருவரையொருவர் விசாரித்துத் தாங்கும் ஏற்பாடாக மாறியது. சுரங்கத் தொழிலாளரும் வேலைக்காரப் பெண்களும் அந்தக் குழுக்களில் பேசவும் ஜெபிக்கவும் வழிநடத்தவும் கற்றார்கள். இன்றைய வீட்டு ஜெபக் குழுக்களுக்கும் கத்தோலிக்கப் பங்குகளில் கூடும் அன்பியங்களுக்கும் இதே தேவையே அடிப்படை. தனியாக யாரும் நீண்ட காலம் சீடராக இருக்க முடிவதில்லை.

போன்ஹோஃபர்: சோதனைக் காலத்தில் சீடர்

இருபதாம் நூற்றாண்டில் இந்தப் பொருளைப் பற்றி மிகவும் பேசப்பட்ட நூலை எழுதியவர் ஜெர்மானிய ஆயர் டீட்ரிக் போன்ஹோஃபர். 1906இல் பிரெஸ்லாவ் நகரில் பிறந்தவர். தந்தை புகழ்பெற்ற மனநல மருத்துவர். 21 வயதில் இறையியலில் முனைவர் ஆய்வேட்டை முடித்தார். 1930இல் நியூயார்க்குக்குப் படிக்கச் சென்றபோது, ஹார்லெம் பகுதியில் கறுப்பின மக்களின் சபையில் ஞாயிறு பள்ளிக்குப் பாடம் எடுத்தார். மலைப்பொழிவு, நூலகத்தில் படிக்கும் பாடத்திலிருந்து தன் வாழ்க்கைக்கான கட்டளையாக அவருக்கு மாறியது அந்த ஆண்டுகளில்.

1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின், ஜெர்மன் புராட்டஸ்டன்ட் சபையின் பெரும்பகுதி ஆட்சியோடு ஒத்துப்போனது. அதை எதிர்த்தவர்கள் அறிக்கைச் சபை என்ற பெயரில் திரண்டார்கள். அவர்களுடைய இளம் ஆயர்களைப் பயிற்றுவிக்க 1935இல் போன்ஹோஃபர் ஓர் இறையியல் பயிலகத்தைத் தொடங்கினார். முதலில் பால்டிக் கடற்கரையில் இருந்து, பிறகு ஃபின்கென்வால்டே ஊருக்கு அது மாறியது.

அங்கே நாள் முழுவதும் ஒரு ஒழுங்கு இருந்தது. காலையும் மாலையும் சேர்ந்து சங்கீதம் வாசித்து ஜெபித்தார்கள். தினமும் அரைமணி நேரம் மௌனமாக, ஒரு சிறு வேதப் பகுதியைத் தியானிக்கவேண்டும். அதே பகுதிதான் வாரம் முழுவதும். பிரசங்கம் தயாரிப்பதற்காக அதை வாசிக்கக் கூடாது. தனக்குச் சொல்லப்பட்டதாகக் கேட்கவேண்டும். அரைமணி மௌனம் பல மாணவர்களுக்குப் பெரும் பாடாக இருந்தது. இன்னொரு விதி மேலும் கடினமானது. ஒரு சகோதரர் இல்லாத இடத்தில் அவரைப் பற்றிப் பேசக் கூடாது, பேசிவிட்டால் அதை அவரிடமே போய்ச் சொல்லவேண்டும். பலமுறை மீறப்பட்ட இந்த விதி, தங்களுக்கு ஏறக்குறைய பிரசங்கங்களின் அளவுக்கே கற்றுக்கொடுத்ததாக மாணவர்கள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்கள்.

1937இல் இரகசியக் காவல்துறை பயிலகத்தை மூடியது. மாணவர்கள் பலர் கைதானார்கள். அதே ஆண்டில் சீடத்துவம் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. மனந்திரும்பாமல் பெறும் மன்னிப்பையும், சிலுவை இல்லாத கிறிஸ்தவத்தையும் அவர் மலிவான கிருபை என்று அழைத்தார். அதற்கு எதிராக, மனிதனின் முழு வாழ்வையும் கேட்கும் விலையுயர்ந்த கிருபையை முன்வைத்தார். கடவுளுக்குத் தம் மகனின் உயிரையே விலையாகக் கொடுக்க வேண்டியிருந்ததால் அது நமக்கு மலிவாக இருக்க முடியாது என்பது அவர் வாதத்தின் சாரம்.

1939இல் அமெரிக்காவில் பாதுகாப்பாகத் தங்கும் வாய்ப்புக் கிடைத்தது. சில வாரங்களிலேயே திரும்பிவிட்டார். சொந்த மக்களின் துன்பத்தில் பங்குபெறாமல், போருக்குப் பின் அவர்களோடு சேர்ந்து கட்டியெழுப்பும் உரிமை தனக்கு இருக்காது என்று கருதினார். ஹிட்லரைக் கொல்லச் சதி செய்த எதிர்ப்புக் குழுவோடு சேர்ந்தார். யூதர்கள் சிலர் சுவிட்சர்லாந்துக்குத் தப்பிச் செல்ல உதவினார். 1943 ஏப்ரலில் கைதானார். 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளோசென்பூர்க் வதைமுகாமில் தூக்கிலிடப்பட்டபோது அவருக்கு வயது 39. கொடுங்கோலனைக் கொல்லும் சதியில் ஒரு சீடர் பங்கெடுக்கலாமா என்ற கேள்வியில் கிறிஸ்தவர்களிடையே இன்றும் ஒத்த கருத்து இல்லை. அந்தக் குற்றப் பொறுப்பை அவரும் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

தமிழ் மண்ணில்

தமிழ் நிலத்திலும் இந்த வரலாற்றுக்கு அழுத்தமான அத்தியாயங்கள் உண்டு. கன்னியாகுமரி மாவட்டம் நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் அரண்மனையில் பணியாற்றியவர். குளச்சல் போரில் சிறைப்பட்டுப் பின்னர் அரசரின் படைத்தலைவரான, டச்சுப் படையைச் சேர்ந்த டிலனாய் வழியாகக் கிறிஸ்துவை அறிந்தார். 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று தேவசகாயம் ஆனார். சாதி வேற்றுமை பாராமல் எல்லோரோடும் பழகியது பலரின் பகையைத் தேடித்தந்தது. 1749இல் கைதாகி, மூன்று ஆண்டுகள் சித்திரவதையும் அவமானமும் பட்டு, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் குருவானவர் அல்லர், துறவியும் அல்லர்; மனைவியோடு வாழ்ந்த குடும்பஸ்தர். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இந்தியப் பொதுநிலையினரில் அந்த நிலைக்கு உயர்த்தப்பட்ட முதல் மனிதர் அவரே.

இரத்தம் சிந்தாமலும் விலை கொடுத்தவர்கள் உண்டு. அமெரிக்க மிஷனரி மருத்துவரின் மகளான ஐடா ஸ்கடர், திண்டிவனத்தில் பெற்றோரோடு இருந்தபோது, ஒரே இரவில் மூன்று பேர் வந்து பிரசவ வேதனையில் இருந்த தங்கள் மனைவியருக்கு உதவி கேட்டார்கள். ஆண் மருத்துவர் பார்ப்பதற்கு அவர்கள் வழக்கம் இடங்கொடுக்கவில்லை. ஐடாவுக்கோ மருத்துவம் தெரியாது. மூன்று பெண்களும் இறந்தார்கள். இந்தியாவில் தங்குவதில்லை என்றிருந்தவர், மருத்துவம் படித்து 1900இல் வேலூருக்குத் திரும்பினார். ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கிய அவருடைய மருத்துவமனை, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாக வளர்ந்து, இன்று வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக நிற்கிறது.

சபை தவறிய இடமும் உண்டு. தமிழ்ச் சபைகள் பலவற்றில் சாதிவாரியான இருக்கைகளும் தனித்தனிக் கல்லறைகளும் நீண்ட காலம் நிலைத்தன. 1833இல் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாட்டை உடனடியாகக் கைவிடவேண்டும் என்று கட்டளையிட்டபோது, எதிர்த்து வெளியேறியவர்கள் பலர். அந்தியோகியாவில் பேதுரு பந்தியை விட்டு எழுந்த அதே தவறு இது. பவுல் அதை நற்செய்தியின் உண்மைக்கு ஒவ்வாத நடத்தை என்றே கண்டித்தார். ஒரே அப்பத்தில் பங்குபெற்றவர்கள், வெளியே வந்தபின் கல்யாணத்திலும் கல்லறையிலும் சாதியைத் தேடினால், அவர்கள் சீடத்துவம் பந்தியின் விளிம்பிலேயே நின்றுவிட்டது.

அன்றாட வாழ்க்கையில்

சாதாரண விசுவாசிக்கு இவையெல்லாம் சில எளிய பழக்கங்களாக வந்து சேர்கின்றன. முதலாவது, வேதத்தைத் தினமும் வாசித்து, வாசித்ததற்குக் கீழ்ப்படியும் எண்ணத்தோடு தியானிப்பது. இரண்டாவது ஜெபம். தனி ஜெபத்தோடு, வீட்டில் எல்லோரும் சேரும் குடும்ப ஜெபமும் இதில் அடங்கும். மூன்றாவது திருவிருந்து, அதாவது நற்கருணை. அதற்கு முன் மனதை ஆராய்ந்து, மனஸ்தாபம் உள்ளவரோடு ஒப்புரவாவது. நான்காவது, தன்னைக் கேள்வி கேட்கும் உரிமையுள்ள சிலரோடு தொடர்ந்து பழகுவது. ஐந்தாவது, பணத்தை விட்டுக்கொடுக்கக் கற்பது. காணிக்கையும் தசமபாகமும் ஆலயத்துக்குள் முடிந்துவிடாமல், பசித்தவனையும் கடனில் மூழ்கியவனையும் எட்டவேண்டும். லெந்து காலத்து உபவாசம், மிச்சப்படுத்தியதைக் கொடுக்கும்போதுதான் முழுமை பெறுகிறது.

ஆறாவது, தொழிலில் நேர்மை. லஞ்சம் வாங்க மறுக்கும் அலுவலரும், எடைக்கல்லில் ஏமாற்றாத கடைக்காரரும், வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கு உரிய சம்பளத்தை உரிய நாளில் கொடுக்கும் குடும்பமும் பிரசங்கமின்றிச் சாட்சி சொல்கிறார்கள். ஏழாவது, மன்னிப்பது. எத்தனை தடவை மன்னிக்கவேண்டும் என்று கேட்டவரும் பேதுருதான். ஏழு தடவை போதுமா என்றவருக்கு, எண்ணிக்கை வைக்க இடமில்லாத பதில் கிடைத்தது. மன்னிப்பது தீமையை மூடி மறைப்பதாகாது. வீட்டில் அடிபடுகிறவரை மேலும் சகித்துக்கொள்ளச் சொல்வதும், சபைக்குள் நடந்த அநீதியை வெளியே தெரியாமல் அமுக்குவதும் சீடத்துவத்தின் பெயரால் செய்யக் கூடாதவை. பலவீனரின் பக்கம் நின்றவரைப் பின்பற்றுகிறவர்களுக்கு நீதியும் கடமையே.

பிறரைச் சீடராக்குவதும் இந்த வாழ்க்கையின் பகுதி. மத்தேயு நற்செய்தியின் முடிவில், எல்லா மக்களினத்தாரையும் சீடராக்கும்படியும், தாம் கட்டளையிட்டதைக் கடைப்பிடிக்க அவர்களுக்குக் கற்பிக்கும்படியும் இயேசு அனுப்புகிறார். கட்டாயமோ ஆசைகாட்டலோ இதில் இடம்பெற முடியாது. அழைக்கப்பட்ட பணக்கார இளைஞன் திரும்பிப் போனபோது இயேசு அவனைத் துரத்திப் பிடிக்கவில்லை. அவன் சுதந்திரத்தை மதித்தார். அந்த மதிப்பு சீடர்களுக்கும் கட்டளை. ஞாயிறு பள்ளி ஆசிரியர்களும், பேரப்பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லித்தரும் பாட்டிகளும், புதிதாக வந்தவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளும் சபையாரும் இந்தப் பணியைச் சத்தமில்லாமல் செய்துவருகிறார்கள்.

வளர்ச்சியின் அளவுகோல்

ஒருவர் சீடராக வளர்கிறாரா என்பதை எப்படி அறிவது? ஆலய வருகையும், வேத அறிவும், உணர்ச்சி பொங்கும் ஆராதனையும் உதவும் காரியங்கள். ஆனால் அவை அளவுகோல் ஆகா. பவுல் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் அன்பு, மகிழ்ச்சி, சமாதானம், நீடிய பொறுமை, தயவு, நற்குணம், விசுவாசம், சாந்தம், இச்சையடக்கம் ஆகியவற்றை ஆவியின் கனிகள் என்கிறார். கனி ஒரே நாளில் பழுப்பதில்லை. அது பழுத்ததை முதலில் உணர்பவர்களும் கூட வாழ்கிறவர்களே. கோபக்காரத் தகப்பனிடம் பொறுமை வந்ததை அவர் பிள்ளைகள் முதலில் அறிவார்கள். மேலதிகாரியிடம் தயவு வந்ததை அவருக்குக் கீழே வேலை செய்கிறவர்கள் அறிவார்கள். ஒருவரில் ஒருவர் அன்பாக இருப்பதைப் பார்த்தே தம் சீடர்களை உலகம் அடையாளம் கண்டுகொள்ளும் என்று இயேசு சொன்னதும் இதைத்தான். கால்களைக் கழுவிய இரவில், தம்மைக் காட்டிக்கொடுக்கப் போனவனின் கால்களையும் கழுவி முடித்த பிறகு, அவர் அதைச் சொன்னார். சீடத்துவத்தின் உயரத்தை அளக்க அதைவிடத் துல்லியமான கோல் கிறிஸ்தவ விசுவாசத்தில் வேறில்லை.